பிள்ளைத்தாச்சிக் கரடு போன ஊர்

எங்க ஊர்க் கரடு, அதான் அந்தப் பாறைக்குன்று, மருதனேந்தலுக்குப் போனது ஒரு வைகாசி மாசத்துச் செவ்வாய்க்கிழமை, பகல் ஒண்ணரை மணிக்கு. நேரத்தை இம்புட்டுச் சரியாச் சொல்றேன்னா, அது குவாரியில வேட்டுப் போடுற நேரம். ஒண்ணேகாலுக்குச் சங்கு ஊதுவாங்க, செவப்புக் கொடி ஏத்துவாங்க, ஈச்சங்குளத்துல இருக்குற அத்தனை சனமும் ஆடு மாடு கோழியோட உள்ள போயிக் கதவைச் சாத்திக்கும், ஒண்ணரைக்கு வெடிக்கும், அடுக்குல இருக்குற பாத்திரம் உருளும், ஓட்டு மேல பொடிக்கல்லு விழும், அப்புறம் ரெண்டாஞ்சங்கு ஊதுனா வெளிய வரலாம். பன்னெண்டு வருசமா இதான் நடப்பு. அன்னைக்கும் சங்கு ஊதுச்சு, கொடி ஏறுச்சு, உள்ள போனோம், ஆனா வேட்டுச் சத்தம் வரல. ஒண்ணே முக்கால் ஆச்சு, ரெண்டு ஆச்சு, அடுப்புல வச்ச குழம்பு சுண்டிப்போச்சு, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி கத்தி உயிரை வாங்குது, பொறுக்க மாட்டாம நான்தான் மொதல்ல கதவைத் திறந்து எட்டிப் பாத்தேன். கரட்டைக் காணோம். அது இருந்த எடத்துல வெறும் ஆகாசந்தான் இருந்துச்சு.

அதுக்குப் பேரு பிள்ளைத்தாச்சிக் கரடு. மேக்க நின்னு பாத்தா, நெறமாசப் பொம்பள ஒருத்தி மல்லாக்கப் படுத்து அசந்து தூங்குற மாதிரியே இருக்கும், வடக்க தலை, தெக்க காலு, நடுவுல வயிறு. குவாரிக்காரர் குத்தகைக்கு எடுத்ததும் மொதல்ல கை வச்சது வயித்துலதான், அங்கதான் கல்லு நல்ல கல்லுன்னு சொன்னாங்க. பாதி வயிறு ஜல்லியாவும் எம்-சாண்டாவும் லாரியேறி ஊரு ஊராப் போயிருச்சு. குத்தம் சொல்ல எனக்கு வாயில்ல. என் வீட்டுக்காரரு தவசிதான் கம்ப்ரசர் மெசினை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சு அந்த வயித்துல குழி போட்டவரு, எங்க வீட்டுச் சோறு அந்தக் குழியிலருந்துதான் வந்துச்சு, அவரு இருமலும் அதே குழியிலருந்துதான் வந்துச்சு.

கரட்டைக் காணோம்னு ஊரே வாயைப் பொளந்து நிக்கிது, இவரு மட்டும் எதையோ எண்ணிக்கிட்டே இருந்தாரு. "நூத்திப்பத்து குழி, பஞ்சு, அம்புட்டுலயும் மருந்து கெட்டிச்சு வச்சிருந்தேன். அத்தனையும் வயித்துல சுமந்துக்கிட்டு எப்பிடிப் போச்சோ." பஞ்சுன்னா நான்தான், பஞ்சவர்ணம்.

மூணு மணி பஸ்ல வந்த கண்டக்டர்தான் சேதி கொண்டாந்தாரு. வந்ததும் சண்டைக்கே வந்துட்டாரு. "என்னய்யா ஊர்க்காரங்க நீங்க? உங்க கரடு மருதனேந்தல் கம்மாய்க்கு மேக்க ரோட்டை அடைச்சு உக்காந்திருக்கு, நாங்க சுத்திக்கிட்டு வர்றோம், முன்கூட்டி ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" வெடி மருந்தும் ரெண்டு நாள்ல கெடைச்சிருச்சு. ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்குற ஓடைக்கரையில, வயரைச் சுத்தி, வெடிக்குச்சிகளை அடுக்கி, ஒரு ஓரமா ஒதுக்கி வச்சிட்டுப் போயிருந்துச்சு கரடு. அடுத்தவங்க பொருளை எடுத்துட்டுப் போற சாதி இல்ல அது.

எனக்கு அந்தக் கதையெல்லாம் காதுலயே ஏறல. மருதனேந்தல்ங்கிற ஒரே சொல்லுதான் ஏறுச்சு. அது என் தங்கச்சி இருளாயி வாக்கப்பட்ட ஊரு. கம்மாய்க்கு மேக்கன்னா அவ கொல்லை. போறதுதான் போச்சே, நாட்டுல வேற ஊரா இல்ல, அவ கொல்லைத் தலைமாட்டுலதான் போயி உக்காரணுமா?

எங்கப்பன் ரெண்டு பொம்பளப் பிள்ளையையும் ஒரே தராசுல வச்ச மனுசன் இல்ல. என்னை எட்டாப்பு வரைக்கும் படிக்க வச்சாரு, அவளை ஆட்டுக்குப் பின்னாடி அனுப்புனாரு. எனக்குத் தண்ணியுள்ள ஊராப் பாத்தாரு, அவளுக்கு நல்ல மாப்பிள்ளையாப் பாத்தாரு. கரட்டடியில எனக்கு அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம், மழைத்தண்ணி கரட்டு வெடிப்புக்குள்ள எறங்கி மாசக்கணக்குல மெதுவாக் கசிஞ்சு என் கிணத்துல ஊறும், சித்திரையிலயும் ஏழு படிக்கட்டு முங்கத் தண்ணி நிக்கும். இருளாயிக்கு மூணு ஏக்கர் இருந்தும் செம்மண்ணுப் பொட்டல், மழை பேஞ்சா உண்டு, இல்லேன்னா காத்தைத்தான் அறுக்கணும். அவ புருசன் அவ பேச்சைத் தட்ட மாட்டாரு, டிவிஎஸ் வண்டியில அவளைப் பின்னாடி உக்கார வச்சு சந்தைக்குக் கூட்டிட்டுப் போவாரு. நான் அவ புருசனைப் பாத்து உள்ளுக்குள்ள எரிவேன், அப்புறம் என் கிணத்தைப் பாத்து ஆறிக்கிருவேன். இருபது வருசம் அப்படித்தான் ஓடுச்சு.

கரடு போன மறுநாள் ஈச்சங்குளத்துக்கு விடியல் அரை மணி நேரம் முந்தி வந்துருச்சு, ஏன்னா அதுதான் எங்களுக்குக் கிழக்கை மறைச்சுக்கிட்டு இருந்தது. கோழிக குழம்பிப்போயி ரெண்டு தடவை கூவுச்சு, மருமக்கமாரு அரை மணி நேரத் தூக்கம் போச்சேன்னு மூஞ்சியைத் தூக்கிவச்சுக்கிட்டாளுக, மாமியாமாரு விடிஞ்சிருச்சேன்னு வேலை ஏவுனாளுக, எளவட்டங்க மட்டும் டவர் நல்லா எடுக்குதுன்னு செல்லைத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவாச் சந்தோசமாத் திரிஞ்சாய்ங்க. மருதனேந்தல்ல சாயங்காலம் நாலரைக்கே நெழல் விழுந்து, களத்துல வெயில் தாங்காத கெழடுகட்டைக எல்லாம் வெளிய வந்து உக்காந்துருச்சாம். பஸ்ல 'கரட்டு ஸ்டாப்பு'ன்னு ஒண்ணு இருந்துச்சு. அதை எந்த ஊருல கூவுறதுன்னு தெரியாம கண்டக்டர் ரெண்டு ஊருலயும் கூவி, ரெண்டு ஊருலயும் ஏச்சு வாங்குனாரு. பத்து நாள்ல எல்லாம் பழகிப்போச்சு. பழகாதது வயித்தெரிச்சல் ஒண்ணுதான், அது எனக்கு மட்டுமில்ல, ஊருக்கே இருந்துச்சு. அவங்க கம்மாயில ஒரே மழைக்குத் தண்ணி நிக்குதாம், அவங்க ஆடுக கரட்டு மேல ஏறி மேயுதாம்னு சேதி வர வர, எங்க ஆளுக ஒருத்தரு முகத்துலயும் ஈயாடல.

ஊர்க்கூட்டம் போட்டாங்க. பிரசிடெண்ட் சூசைமுத்து பேசுனாரு. "பொம்பளக் கரடு. கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கு. பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனா என்ன செய்வோம்? நாலு பெரிய மனுசங்க போயி, நல்ல வார்த்த சொல்லி, கையோட கூட்டியாருவோம். அதான் முறை." எல்லாரும் சரின்னாங்க. எங்க வீட்டுக்காரரு மட்டும், "நான் போட்ட குழி எத்தனைன்னு எனக்குத் தெரியும். அது போனதுல தப்பே இல்ல" ன்னாரு. அவரை யாரும் சட்டை பண்ணல. நானும்தான்.

ஏழு தாம்பாளம். பூவு, பழம், வெத்தலைபாக்கு, மஞ்சள், வளையல், ஒரு தாம்பாளம் நிறைய இனிப்பு, ஒரு தாம்பாளத்துல கரட்டு இடுப்புல ஒரு சுத்தாவது வரணும்னு நாப்பத்தெட்டு சேலையை ஒண்ணோட ஒண்ணு முடிஞ்சு மடிச்சு வச்சது. நானும் ஒரு தாம்பாளம் தூக்குனேன். மருதனேந்தல்ல நல்ல மரியாதை, சமுக்காளம் விரிச்சு, காப்பித்தண்ணி குடுத்து, அவங்க ஊர்ப் பெரியவரு வைரவன் சாவகாசமா ஒரே ஒரு கேள்வி கேட்டாரு.

"வந்ததுல சந்தோசம். பொண்ணைக் கூப்பிட வந்திருக்கீங்க. எந்த மொறையில வந்திருக்கீங்கன்னு மட்டும் சொல்லிருங்க. புருசன் வீட்டாரா, பொறந்த வீட்டாரா?"

சூசைமுத்து முழிச்சாரு. புருசன் வீடுன்னு சொன்னா, நெறமாசக்காரி வயித்தை வெட்டி வித்த புருசன் எவன்னு கேப்பாங்க. அவருக்கு வேர்த்து ஊத்துச்சு. பாசமாச் சொல்ற மாதிரி இருக்கட்டும்னு, பொசுக்குன்னு சொல்லிப்புட்டாரு. "பொறந்த வீடுங்க. எங்க வீட்டுப் பொண்ணுங்க அது."

வைரவன் எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்பிட்டாரு. "அப்பச் சரியாப் போச்சு. உங்க வீட்டுப் பொண்ணு எங்க வீட்டுக்கு வாழ வந்திருக்கு, நல்லா வச்சுப் பாத்துக்கிறோம். கொண்டாந்த சீரை அங்க எறக்கி வைங்க. பொங்கச் சீரையும் வருசா வருசம் மறந்துறாதீங்க."

போச்சு. சொன்ன சொல்லை மாத்த முடியுமா? ஏழு தாம்பாளத்தையும் எறக்கி வச்சிட்டு வெறுங்கையை வீசிக்கிட்டு வந்தோம். வர்ற வழியில கரட்டைப் பாத்தேன். காலடியில நெசமாவே ஒரு ஊத்து தொறந்து, விரல் தண்டிக்குத் தண்ணி வழிஞ்சு, வாய்க்கா வெட்டாமலே வாய்க்காலாகி, இருளாயி கொல்லைக்குள்ள போகுது. அவ வரப்புல நின்னு, "யக்கா, ஒரு வாய் சாப்பிட்டுப் போக்கா" ன்னு கூப்பிட்டா. பசியில்லன்னுட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து பழைய சோத்தைப் பானையோட தின்னேன்.

ஆடி மாசம் என் கிணத்துல தரை தெரிஞ்சுச்சு. கசிஞ்சு வர்றதுக்கு மேல கரடு இல்லையே. மல்லிகை மொதல்ல இலையை உதுத்துச்சு, அப்புறம் கொடி கருகுச்சு, பெறகு வேரோட கையில வந்துச்சு. இந்த லட்சணத்துல குவாரிக்காரரு குத்தகைப் பத்திரத்தைக் கொண்டாந்து காட்டுனாரு. அதுல புல எண்தான் இருக்கு, கரடுன்னு ஒரு வார்த்த இல்ல. "எனக்குக் குத்தகை இந்த எடத்துக்கு. கரடு போனா என்ன, அடியில தோண்டுன குழி இருக்குல்ல" ன்னு சொல்லி, டவுன் குப்பையைக் கொண்டாந்து குழியில கொட்ட ஆரம்பிச்சாரு. கோழிக்கடைக் கழிவு, ஆசுபத்திரி ஊசி, பேட்டரி, இன்னது இல்லைன்னு இல்ல. மழை பேஞ்சதும் குழித்தண்ணி மயில்கழுத்து நெறத்துக்கு மாறுச்சு, மீதி இருந்த நாலு கிணத்துலயும் அதுதான் எறங்கி, வாளியில மோந்தா நுரை நின்னுச்சு. வாரத்துக்கு ரெண்டு நாள் டேங்கர் லாரி வரும். ஊரே குடத்தைத் தூக்கிக்கிட்டு அடிச்சுக்கிரும்.

அந்தச் சமயத்துலதான் இருளாயி தண்ணி அனுப்ப ஆரம்பிச்சா. தெனமும் காலையில அவ புருசன் டிவிஎஸ்ல நாலு குடம் கட்டிக் கொண்டாந்து என் வாசல்ல எறக்குவாரு. "குடிக்கவாவது வச்சுக்கங்க மதினி, அங்க நெறஞ்சு கெடக்கு" ம்பாரு. நெறஞ்சு கெடக்குங்கிறதை அவரு சாதாரணமாத்தான் சொல்லுவாரு, எனக்கு முள்ளாக் குத்தும். மொத நாள் நாலு குடத்தையும் ஆட்டுக்கு ஊத்துனேன். ரெண்டாம் நாளும் ஆட்டுக்கு ஊத்துனேன். மூணாம் நாள் என் வீட்டுக்காரரு இருமி இருமி ஒரு சொம்பு கேட்டாரு, குடுத்துட்டு நானும் யாருக்கும் தெரியாம ஒரு வாய் குடிச்சேன். அடியாத்தி, என்னா ருசி. என் கிணத்துத் தண்ணி ருசி. இருபது வருசம் நான் குடிச்ச தண்ணியை எனக்கே பிச்சை போடுறாளே பாவின்னு அடுப்படியில உக்காந்து அழுதேன்.

அன்னைக்கே பேப்பரை எடுத்தேன். ஊர்ல யாருக்கு மனு எழுதணும்னாலும் நான்தான் எழுதுவேன், பென்சன் மனு, பட்டா மனு, தெருவிளக்கு மனு, எல்லாத்துக்கும் நடை எனக்கு அத்துப்படி. எழுதுனேன்: 'பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள். பொருள்: ஈச்சங்குளம் கிராமத்திற்குப் பாத்தியப்பட்ட கரடு, மருதனேந்தல் கிராமத்தில் ஆக்கிரமிப்பாக அமர்ந்திருப்பது தொடர்பாக. ஐயா, மேற்படி கரடானது யாதொரு முன்னறிவிப்பும் இன்றி எங்கள் கிராமத்தை விட்டு அகன்று...' எழுத எழுத எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. ஆக்கிரமிப்புங்கிற சொல்லுக்கு அடியில ரெண்டு கோடு போட்டேன்.

திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல வரிசையில நின்னு குடுத்தேன். வாங்குன அம்மா படிச்சுப் பாத்து, ஒரு புருவத்தைக்கூடத் தூக்கல. "ஆதார் நகல் வைக்கலையே" ன்னாங்க. வச்சேன். ரசீது குடுத்தாங்க.

ஒரு மாசத்துல சர்வேயர் வந்தாரு. சங்கிலியைப் போட்டுக் கரட்டைத் தலையிலருந்து கால் வரைக்கும் அளந்தாரு, வயித்துக் குழியையும் எறங்கி அளந்தாரு, நாலு மூலையிலயும் கல்லு ஊனுனாரு. எனக்கு வந்த பதில்ல ஒரே வரிதான். 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு, மேற்படி கரடு மருதனேந்தல் கிராமப் பதிவேட்டில் அரசு புறம்போக்குப் பாறையாகச் சேர்க்கப்பட்டது.' எனக்கு இன்னும் எரிச்சல் கூடிப்போச்சு. திருப்பிக் குடுங்கடான்னா, அவளுக்கே முத்திரை குத்திக் குடுத்துட்டாய்ங்களேன்னு காயிதத்தைக் கசக்கி எறிஞ்சேன்.

அந்தக் காயிதம் என்ன செய்யும்னு எனக்குப் புரியல. மனு எழுதுறவளுக்கே புரியல. என் வீட்டுக்காரருதான் கசக்குனதைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு, என்னை நிமுந்து பாத்தாரு. "பஞ்சு. இம்புட்டு நாளும் மருதனேந்தல்ல அந்த எடத்துல கரடுன்னு எந்த ஆபீசுலயும் எழுதியிருக்கல. தரிசுன்னுதான் இருந்துச்சு. தரிசுக்குக் குவாரி டெண்டர் விட முடியாது. இப்ப நம்பர் குடுத்தாச்சு. விடலாம்."

விட்டாங்க. அதே குவாரிக்காரருதான் எடுத்தாரு. கம்ப்ரசர் ஓடையைத் தாண்டிப் போச்சு, கிரஷர் போச்சு, லாரிக போச்சு. வேலைக்குக் கூப்பிட்டாங்க, என் வீட்டுக்காரரு மாட்டேன்னுட்டாரு. மொத வேட்டு மத்தியானம் ஒண்ணரைக்கு மருதனேந்தல்ல வெடிச்சப்ப, நான் எங்க வாசல்ல புளி தட்டிக்கிட்டு இருந்தேன். பொய் எதுக்கு? எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அவ வீட்டுப் பாத்திரமும் உருளட்டும்னு நெனச்சேன்.

மறுநாள் தண்ணி வண்டி வந்துச்சு, நாலு குடம். ரெண்டு வாரம் கழிச்சு ரெண்டு குடம். ஒரு மாசத்துல ஒரு குடம், அதுவும் கலங்கல். அப்புறம் வரல. ஒரு நாள் பாத்தேன், ரெண்டு நாள் பாத்தேன், வாசல்லயே நின்னேன். மூணாம் நாள் என் காலு தானா ஓடையைத் தாண்டிப் போச்சு.

இருளாயி வரப்புல குத்தவச்சிருந்தா. பக்கத்துலயே அவ கிணறு, சுவத்துல மேலருந்து கீழ வரைக்கும் வெடிப்பு, தண்ணியெல்லாம் குவாரிப் பள்ளத்துக்கு எறங்கிருச்சு, அங்க மோட்டாரைப் போட்டு எறச்சு ஓடையில விடுறாய்ங்க. ஊத்து வாய் கிரஷரோட வெள்ளைப் புழுதி அடைச்சுக் கெடக்கு. பாவி மக, அவளும் மல்லிகை போட்டிருந்திருக்கா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. வரிசை வரிசையா இலை உதிந்து நிக்கிது. என்னைப் பாத்ததும், "வாக்கா" ன்னா. வரப்புல நகந்து எடம் விட்டா.

அந்நேரத்துக்குச் சங்கு ஊதுச்சு. மணி ஒண்ணேகால். கல்லு பறக்கும்னு ரெண்டு பேரும் ஓடிப்போயி மோட்டார் ரூமுக்குள்ள புகுந்து தகரக் கதவைச் சாத்துனோம். ரெண்டு ஆள் நிக்கிறதே செரமம், முட்டியோட முட்டி இடிக்க, ஓடாத மோட்டார் மேல நான், கவுத்து வச்ச வாளி மேல அவ. இருட்டு. கிரீசு வாடை. ஒருத்தரு மூச்சு ஒருத்தருக்குக் கேக்குது.

"இருளாயி, அந்த மனுவை எழுதுனது நான்தான்டி."

"எந்த மனுவு?"

"கரட்டை அளக்கச் சொல்லி. உன் கொல்லையில ஆக்கிரமிப்பா உக்காந்திருக்குன்னு எழுதுனேன். அதனாலதான் சர்வேயர் வந்தாரு. அதனாலதான் இவிங்க வந்தாய்ங்க. எனக்கு இல்லாதது உனக்கும் இருக்கக் கூடாதுன்னு எழுதுனேன்."

அவ அடிப்பான்னு நெனச்சேன், அடிச்சா வாங்கிக்கிரணும்னும் நெனச்சேன். அவ சிரிச்ச மாதிரி இருந்துச்சு, ஆனா சிரிப்பில்ல.

"நாலு குடம் அனுப்புனேன்லக்கா. எதுக்கு அனுப்புனேன்னு நெனக்கிற?"

"பாவப்பட்டு."

"பாவமா? நீ பைக்கட்டோட பள்ளிக்கூடம் போவ, நான் ஆட்டுப்புழுக்கையை மிதிச்சுக்கிட்டு நின்னு உன்னையப் பாப்பேன். உன் கிணத்துல ஏழு படி நிக்கிம், என் பிள்ளைக்கு ஊத்த ஒரு சொம்பு இருக்காது, உங்கிட்ட வந்து கேக்க மானம் விடாது. அந்தக் கரடு என் கொல்லைக்கு வந்தப்ப, நான் சாமிகூடக் கும்பிடலக்கா, 'இப்ப எரியட்டும் அவளுக்கு'ன்னுதான் சொன்னேன். இவரு உன் வாசல்ல குடத்தை எறக்கிட்டு வருவாருல்ல, வந்ததும் நான் கேக்குற மொதக் கேள்வி, 'அக்கா மூஞ்சி எப்பிடி இருந்துச்சு?' நல்லாச் சுண்டிப்போயி இருந்துச்சுன்னு சொன்னாத்தான் எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கும்."

"அடி கொள்ளையில போறவளே!"

"நீ மட்டும் என்னவாம்!"

எனக்குக் கோவம் வரணும், வரல. இருட்டுல அவ கையைத் தேடுனேன், அது ஏற்கெனவே என் சேலை முந்தியைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு பேரும் அழுதோம், மூக்கைச் சிந்துனோம், ஒருத்தியை ஒருத்தி வஞ்சுக்கிட்டே அழுதோம். எம்புட்டு நேரம்னு தெரியல. அப்புறம்தான் உறைச்சது, வேட்டுச் சத்தமே வரலைன்னு.

கதவைத் திறந்தோம். மருதனேந்தல் மேக்குத் திசையில ஆகாசம் மட்டும் இருந்துச்சு. நாலு மூலையிலயும் சர்வேயர் ஊனுன கல்லு அப்படியே நிக்கிது, நடுவுல ஒண்ணுமில்ல. கம்ப்ரசர்காரன் பைப்பைப் பிடிச்சபடி வெறும் பள்ளத்துல நிக்கிறான். வைரவன் களத்துலருந்து ஓடி வந்து, துண்டை வாயில வச்சுக்கிட்டு, "பொண்ணை நாங்களும் ஒழுங்கா வச்சுப் பாக்கலயே தாயி" ன்னு என்கிட்ட வந்து அழுதாரு, நான் பொறந்த வீட்டுக்காரியாச்சே.

இந்தத் தடவை எங்க போச்சுன்னு எந்தக் கண்டக்டரும் வந்து சொல்லல. ரெண்டு ஊருக்கும் ஒரே டேங்கர் லாரிதான் இப்ப. எங்களுக்குள்ள வழக்கும் இல்ல, சீரும் இல்ல. நானும் இருளாயியும் பூ வாங்கிக் கட்டி விக்கிற பொழப்புக்கு எறங்குனோம், விடிகாலையில ஒண்ணா மதுரைப் பூ மார்க்கெட்டுக்குப் போயி வாங்குவோம். தை மாசம் ஒரு நாள், ஒரு பொம்பள கூடையை எறக்குனா. நாங்க பாத்தோம். மொட்டுன்னா மொட்டு, ஒவ்வொண்ணும் காம்பு நீண்டு, தண்ணி குடிச்சுத் திமிறி நிக்கிது. வாசனையிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, என் தோட்டத்து வாசனை. இருளாயி என் முழங்கையைக் கிள்ளுனா.

"எந்த ஊரு தாயி?"ன்னு கேட்டேன்.

சொன்னா. சொல்லிட்டு, அக்கம்பக்கம் பாத்துட்டுக் குனிஞ்சு சொன்னா. "எங்க ஊருல தண்ணிக்குப் பஞ்சமே இல்லக்கா இப்ப. ஒரு கரடு வந்து உக்காந்திருக்கு. பிள்ளைத்தாச்சி மாதிரி இருக்கும். வயித்துப் பக்கம் மட்டும் வெட்டுப்பட்டு, பாக்கவே சகிக்கல. எந்த ஊருப் பாவிக செஞ்சாய்ங்களோ, கை வெளங்குமா அவிங்களுக்கு? வாய் பேசாத சீவனைப் போயி." எங்க ரெண்டு பேரு முகத்தையும் பாத்துட்டு, என்னாச்சுக்கான்னு கேட்டா. ஒண்ணுமில்ல, கிறுகிறுப்பு, வெறும் வயிறுன்னு சொன்னோம். பஸ்ல ரெண்டு பேரும் பூக்கூடையை மடியில வச்சு மூடிக்கிட்டே வந்தோம். வீட்டுக்குப் பக்கத்துல வந்ததும் இருளாயி, "அவளுக்கென்ன, கொடுத்து வச்ச மகராசி" ன்னா. நானும், "ஆமா, மூஞ்சியைப் பாரு அவளுக்கு" ன்னேன்.

மாசியில குவாரிக்காரரு கார்ல வந்தாரு, என் வாசலுக்கே. இருளாயியும் அங்கதான் உக்காந்து பூக் கட்டிக்கிட்டு இருந்தா. என் வீட்டுக்காரரு உள்ள இருமிக்கிட்டுக் கெடந்தாரு. "நீங்கதானம்மா போன தடவை மனு எழுதுனது? நல்ல எழுத்தும்மா, ஆபீசுலயே பேசிக்கிட்டாங்க. இப்ப அது எந்த ஊருல இருக்குன்னு யாருக்கும் தெரியல. பூ வாங்க நாலு எடம் போறீங்க, காதுல விழுந்திருக்கும். விழுந்திருந்தா ஒரே ஒரு மனு எழுதிப்புடுங்க. நல்ல தண்ணியுள்ள எடமாப் பாத்து, உங்க ரெண்டு ஊருக்கும் நானே பைப் போட்டுக் குடுக்குறேன்."

அந்த ஊர்ப் பேரு என் நாக்கு நுனியில வந்து உக்காந்துருச்சு. மூணெழுத்துப் பேருதான். அந்தப் பொம்பள கூடை, அந்த மொட்டு, அந்த வாசனை, எல்லாம் கண்ணு முன்னாடி வந்து நிக்கிது. என் தோட்டம் கருகிக் கெடக்கு, என் தங்கச்சி தோட்டம் கருகிக் கெடக்கு, எவளோ ஒருத்தி, பேருகூடத் தெரியாதவ, என் கிணத்துத் தண்ணியை மோந்து மோந்து குடிக்கிறா. வயிறு பத்தி எரியுது. இருளாயியைப் பாத்தேன், அவளுக்கும் எரியுதுன்னு அவ மூஞ்சியே சொல்லுது, கையில நாரு அறுந்துபோச்சு.

"தெரியாதுங்க" ன்னேன்.

"மேக்க மலையாளத்துப் பக்கம் போயிருச்சுன்னு சொல்லிக்கிட்டாங்க" ன்னா இருளாயி, தலையைத் தூக்காம.

அவரு கார்ல ஏறிப் போனாரு. அப்புறமும் ரெண்டு தடவை ஆள் விட்டாரு. வேற யாரு யாரோ வந்து கேக்குறாங்க, ஆராய்ச்சிக்குன்னாங்க, பேப்பருக்குன்னாங்க. கரடு அங்கதான் இருக்கு, ஒவ்வொரு திங்கக்கிழமையும் அந்தப் பொம்பள கூடை நிறையப் பூவோட வர்றா, அவகிட்டதான் வாங்குறோம், வாங்கிட்டு வந்து அவளை வஞ்சுக்கிட்டேதான் கட்டுறோம். நீங்களும் இம்புட்டு நேரம் கதை கேட்டுட்டு, அது எந்த ஊருன்னு கேக்கத்தான் போறீங்க. கேக்காதீங்க. எனக்கு இன்னும் எரிஞ்சு அடங்கல, வாய் தவறிச் சொல்லிப்புடுவேன்.